ராஜா தலையில ஏன் கொம்பு இருக்கு? பழைய கிரேக்க வெள்ளிக்காசைப் படிக்கிறது எப்படி

கிரேக்கக் காசுகள்ல புதுசா ஆர்வம் வந்து கேக்கிறவங்க யாரா இருந்தாலும் நான் முதல்ல காட்டறது லைசிமாக்கஸ்னு ஒரு ராஜா அடிச்ச வெள்ளிக்காசைத்தான். டெட்ராட்ராக்ம்னு பேரு, அதாவது நாலு டிராக்மா மதிப்பு (டிராக்மாங்கிறது நம்ம ரூபா மாதிரி அன்னிக்கு கிரேக்கர்களோட பணக்கணக்கு), எடை 17 கிராம் சொச்சம். இப்ப நம்ம கையில புழங்குற 20 ரூபா காசை விட அகலம் ஒரு பொட்டு அதிகம், கனம் ரெண்டு மடங்கு. கி.மு. 297 வாக்குல இதை அடிக்க ஆரம்பிச்சாங்க.

முன்பக்கம் ஒரு இளைஞனோட முகம், வலது பக்கம் பாத்த மாதிரி. கண்ணு கொஞ்சம் பெருசு, நேரா பாக்காம லேசா மேல, வானத்தைப் பாக்குது. முடி காத்துல கலைஞ்ச மாதிரி இருக்கு. நெத்தியைச் சுத்தி மெல்லிசா ஒரு துணிப்பட்டை, அதோட ரெண்டு முனையும் பின்கழுத்துல தொங்கும். காதுக்கிட்ட பாத்தீங்கன்னா ஒரு செம்மறிக்கடா கொம்பு, காதைச் சுத்தி அப்படியே சுருண்டு வந்திருக்கும், கொம்புல இருக்கிற வரிவரியான கோடு கூட நல்ல காசுல தெரியும். காசைத் திருப்பினா அதீனா தேவி உக்காந்திருக்காங்க, வலது கையில ரெக்கை வச்ச ஒரு குட்டி உருவம், அதுதான் நைக்கி, வெற்றி தேவதை. அந்த நைக்கி கையில ஒரு மாலை வளையம், அதை நீட்டி முன்னாடி இருக்கிற எழுத்து மேல வைக்குது. அந்த எழுத்து "லைசிமாக்கூ", லைசிமாக்கஸோடதுன்னு அர்த்தம். அதாவது வெற்றி தேவதை ராஜாவுக்கு முடி சூட்டல, ராஜாவோட பேருக்கு முடி சூட்டுது.

இதுல ஆச்சரியம் என்னன்னா, முன்பக்கம் இருக்கிற முகம் லைசிமாக்கஸோடது இல்ல. அவருக்கு அப்ப வயசு 60 தாண்டிடுச்சு. இது அலெக்ஸாண்டர். கி.மு. 323-ல பாபிலோன்ல 32 வயசுல செத்துப்போனவர், காசு அடிக்கும்போது அவரு போய் கால் நூற்றாண்டு ஆச்சு. ஒரு ராஜா தன் நாட்டுக் காசுல தன் முகத்தைப் போடாம செத்துப்போன வேற ஒருத்தர் முகத்தைப் போட்டு, அதுக்கு கொம்பும் வச்சு, பின்பக்கம் தன் பேருக்கு சாமி கையால முடி சூட்டிக்கிறாரு. ஏன்?

இதுக்குப் பதில் புரிஞ்சா அந்தக் காலத்து ராஜா காசு எதை எடுத்தாலும் பாதி புரிஞ்ச மாதிரி. இந்தப் படமெல்லாம் அழகுக்குப் போட்டது இல்ல, "நீ யாருய்யா, எந்த உரிமையில எங்களுக்கு ராஜா?"ன்னு ஊர் கேக்கிற கேள்விக்கு ராஜா சொல்ற பதில். பரம்பரை உரிமை பலமா இருக்கிறவரு சுருக்கமா பதில் சொல்லிடுவாரு, அது இல்லாதவரு கொம்பு, தோல், கதிர், தேவதைன்னு நிறைய சொல்ல வேண்டி வரும்.

முதல்ல ராஜா படமே இல்லாத காலத்துல இருந்து வரலாம். கிரேக்க நாடு அப்ப ஒரே நாடு கிடையாது, நூத்துக்கணக்கான நகர அரசுகள், ஒவ்வொண்ணும் தனித்தனியா காசு அடிச்சுது. ஏதென்ஸ் காசுல ஒரு பக்கம் அதீனா, மறு பக்கம் ஆந்தை. கொரிந்த்ல பறக்கும் குதிரை பெகாசஸ். ஏஜினா தீவுக் காசுல ஆமை. எல்லாம் ஊரோட சின்னம், இல்ல ஊரோட சாமி. உயிரோட இருக்கிற ஒரு மனுஷன் முகம் காசுல வராது. அந்த இடம் சாமிக்கு உரியது, அங்க மனுஷன் போய் உக்காந்தா அது வரம்பு மீறல்னு ஒரு உணர்வு அவங்களுக்கு ஆழமா இருந்துச்சு, அது போக பல ஊர்ல ராஜான்னு ஒருத்தரே இல்லையே, யாரைப் போடறது.

பக்கத்துல பாரசீகத்துல கதை வேற. முதலாம் டேரியஸ் காலத்துல இருந்து அடிச்ச சிக்லோஸ்ங்கிற சின்ன வெள்ளிக்காசுல (அஞ்சரை கிராம் வரும்) மகுடம் வச்ச ராஜா கையில வில்லோட முட்டி போட்டு ஓடுற மாதிரி இருப்பாரு. ஆனா அது குறிப்பிட்ட ஒரு ஆளோட முகம் கிடையாது, "ராஜா"ங்கிற பதவியோட படம், எந்த ராஜா வந்தாலும் அதே உருவம்தான். கிரேக்கர்கள் இந்தக் காசையே "வில்லாளி"ன்னு கூப்பிட்டாங்க. ஸ்பார்ட்டா ராஜா அஜெசிலாஸ் ஆசியாவுல ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போது பாரசீகர்கள் கிரேக்க ஊர்களுக்குப் பணம் கொடுத்து அவருக்குப் பின்னாடி சண்டை மூட்டி விட்டாங்க, அவரு ஊர் திரும்ப வேண்டியதாப் போச்சு, "ஆயிரக்கணக்கான வில்லாளிங்க என்னை விரட்டிட்டாங்க"ன்னு சொன்னாராம், பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வச்சிருக்காரு. காசுல இருக்கிற படம் சாதாரண பேச்சுல எவ்வளவு ஊறிப் போயிருந்துச்சுன்னு இதுல தெரியும்.

நிஜ முகம்னு பாத்தா இன்னிக்கு துருக்கியோட தென்மேற்குக் கரையில இருக்கிற லிசியா பகுதிச் சிற்றரசர்கள் அலெக்ஸாண்டருக்கு முன்னாடியே போட்டிருக்காங்க. பெரிக்ளேன்னு ஒரு லிசிய அரசரோட வெள்ளிக்காசுல தாடியோட அவரு முகம் கிட்டத்தட்ட நம்மளை நேரா பாக்கும், கி.மு. 4-ம் நூற்றாண்டோட முதல் பாதி, அவ்வளவு உயிரோட இருக்கும். ஆனா அது அந்தச் சின்னப் பகுதியோட நின்னுபோச்சு, பெரிய வழக்கமா மாறல.

மாசிடோனியாவுக்கு வருவோம், ஏன்னா கிரேக்க உலகத்துல ராஜா பரம்பரை தொடர்ந்து இருந்த முக்கியமான இடம் அது. அங்க ஆண்ட முதலாம் அலெக்ஸாண்டர் (நம்ம அலெக்ஸாண்டருக்கு ரொம்ப முந்தின தலைமுறை) கி.மு. 5-ம் நூற்றாண்டுல பெரிய வெள்ளிக்காசுல ஒரு குதிரையும் ரெண்டு ஈட்டி பிடிச்ச ஆளும் போட்டு தன் பேரையும் போட்டாரு. முகம் அடையாளம் காட்டாது, ஆனா குதிரை, ஈட்டி, பேரு மூணும் சேந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிடும். அப்புறம் வந்த இரண்டாம் பிலிப், அதாவது அலெக்ஸாண்டரோட அப்பா, ரொம்ப கெட்டிக்காரர். கி.மு. 356-ல ஒலிம்பிக் குதிரைப் பந்தயத்துல அவரோட குதிரை ஜெயிச்சுது. உடனே வெள்ளிக்காசுல ஒரு பக்கம் கிரேக்க சாமிகளுக்கெல்லாம் ராஜாவான ஜீயஸ் தலை (ஒலிம்பிக் விளையாட்டு ஜீயஸுக்கு நடத்துற விழாதானே), மறு பக்கம் குதிரை மேல ஆள். சில காசுல மாசிடோனியத் தொப்பி போட்டு கை தூக்கின ராஜா மாதிரி, சில காசுல பனையோலை பிடிச்ச ஜாக்கிப் பையன். மாசிடோனியர்களை அரைகுறை கிரேக்கர்கள்னு இளப்பமா பாத்த ஊர்கள் நிறைய, ஒலிம்பிக்ல கிரேக்கர்கள் மட்டும்தான் கலந்துக்கலாம், அப்ப இந்தக் காசு கை மாறுற ஒவ்வொரு தடவையும் "நான் கிரேக்கன், அதுலயும் ஜெயிச்சவன்"னு சொல்லிக்கிட்டே போகும்.

அலெக்ஸாண்டர் அடிச்ச காசுதான் இதுல எல்லாத்தையும் விட பரவலானது. முன்பக்கம் ஹெராக்ளீஸ், நம்ம ஆளுங்க ஹெர்குலிஸ்னு சொல்றவர், சிங்கத்தோலைத் தலையில முக்காடு மாதிரி போட்டு, சிங்கத்தோட முன்னங்கால் ரெண்டையும் கழுத்துல முடிச்சுப் போட்டிருப்பாரு. நெமியாங்கிற ஊர்ல ஆயுதம் எதுவும் உள்ள இறங்காத சிங்கத்தைக் கையாலயே நெரிச்சுக் கொன்னது அவரோட முதல் சாகசம், அந்தத் தோல்தான் இது. பின்பக்கம் ஜீயஸ் சிம்மாசனத்துல, ஒரு கையில கழுகு, மறு கையில செங்கோல், பக்கத்துல "அலெக்ஸாண்ட்ரூ"ன்னு பேரு.

ஏன் ஹெராக்ளீஸ்? மாசிடோனிய ராஜ குடும்பம் தன்னை ஹெராக்ளீஸ் வம்சம்னு சொல்லிக்கிச்சு, ஹெராக்ளீஸ் ஜீயஸோட பையன். அப்ப முன்பக்கம் பாட்டன், பின்பக்கம் பாட்டனுக்கு அப்பன், நடுவுல என் பேரு. பரம்பரை பலமா இருக்கிறவரு சுருக்கமா பதில் சொல்வாருன்னு சொன்னேன்ல, அது இதுதான். இன்னொரு நுட்பமும் இருக்கு. உக்காந்திருக்கிற இந்த ஜீயஸ், சிலிசியாவுல (இன்னிக்கு துருக்கியோட தென்கரை) பாரசீக ஆளுநர் மசேயஸ் அடிச்ச காசுல வர்ற டார்சஸ் ஊரு சாமி பால் (Baal) உருவத்தோட ரொம்ப நெருக்கமா ஒத்துப்போகும். கிழக்குல இருந்த ஒருத்தர் இந்தக் காசைப் பாத்தா தன் ஊரு சாமின்னு எடுத்துப்பாரு, கிரேக்கர் பாத்தா ஜீயஸ்னு எடுத்துப்பாரு. கைப்பத்தின நாட்டு ஜனங்க கையிலயும் அந்நியமாத் தெரியாத காசு.

ஹெராக்ளீஸ் முகத்துலயே அலெக்ஸாண்டர் தன் முகத்தை ஒளிச்சு வச்சாரான்னு ஆய்வாளர்கள் நடுவுல ரொம்ப நாளா வாக்குவாதம் ஓடுது. என் அபிப்பிராயம், ஆரம்பத்துல அப்படி நோக்கம் இருந்த மாதிரி தெரியல, ஏன்னா இதே சிங்கத்தோல் ஹெராக்ளீஸ் அவரோட முன்னோர்கள் காசுலயே வருது. ஆனா ஜனங்க அந்த முகத்தை அலெக்ஸாண்டராவே பாக்க ஆரம்பிச்சுட்டாங்கங்கிறது வேற விஷயம், அது நடந்திருக்கணும், பேரும் பக்கத்துலயே இருக்கே.

அளவும் முக்கியம். சூசா, பெர்செபோலிஸ்ங்கிற பாரசீகத் தலைநகரக் கருவூலங்கள்ல அலெக்ஸாண்டர் கைப்பத்தின வெள்ளியும் தங்கமும் பெர்செபோலிஸ்ல மட்டும் 1,20,000 டேலன்ட்னு பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க, ஒரு டேலன்ட் சுமார் 26 கிலோ. பல வருஷமா பூட்டி வச்சிருந்த அந்தச் செல்வம் காசா மாறி சிப்பாய் சம்பளமா வெளிய வந்துச்சு. மாசிடோனியாவுல ஆம்ஃபிபோலிஸ்ல இருந்து பாபிலோன் வரைக்கும் பல நாணயச்சாலைகள்ல ஒரே டிசைன், ஏதென்ஸ் எடைக்கணக்கு. அவரு செத்த பிறகும் 200 வருஷத்துக்கு மேல பல ஊர்கள் இதே காசை அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, ஏன்னா வியாபாரிங்க நம்பி வாங்கின காசு அது.

அடிக்கிறது எப்படின்னு ரெண்டு வரி சொல்லிடறேன், முகங்கள் ஏன் காசுக்குக் காசு மாறுதுன்னு அப்பதான் புரியும். வெண்கலத்துல இல்லன்னா இரும்புல செதுக்குன அச்சு ரெண்டு. கீழ் அச்சு பட்டறைக்கல்லுல பதிஞ்சிருக்கும், அதுலதான் தலை. எடை போட்டு எடுத்த வெள்ளி வில்லையை நடுவுல வச்சு, மேல் அச்சை நிறுத்தி, சுத்தியலால ஒரே போடு. அச்சுல உருவத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாத்தி, குழியா, கையாலயே செதுக்கணும், விரல் நுனி அளவு இடத்துல கண் இமை வரைக்கும். அச்சு தேஞ்சா புதுசு செதுக்கணும், வேற ஆள் செதுக்குனா முகம் வேற மாதிரி வரும். அதனால ஒரே ராஜா ஒரு காசுல தெய்வக்களையோட இருப்பாரு, இன்னொண்ணுல மூக்கு தடிச்சுக் கிடப்பாரு.

சரி, கி.மு. 323-க்கு அப்புறம். அலெக்ஸாண்டர் செத்துட்டாரு, ஆளத் தகுதியான வாரிசு இல்ல. பொறந்த குழந்தையையும், மனநிலை சரியில்லாத அண்ணனையும் பேருக்கு ராஜான்னு வச்சுக்கிட்டு தளபதிங்க நாட்டைப் பங்கு போட்டாங்க, கடைசியில அந்த ரெண்டு பேரும் கொல்லப்பட்டாங்க. இப்ப டாலமி, செலூகஸ், லைசிமாக்கஸ், ஆன்டிகோனஸ், கசாண்டர், இவங்க யாருக்கும் ராஜ ரத்தம் கிடையாது. ஹெராக்ளீஸ் என் பாட்டன்னு சொல்ல முடியாது. கையில இருக்கிறது படை, ஜெயிச்ச நிலம், அலெக்ஸாண்டர் கூட நின்ன ஞாபகம், இவ்வளவுதான். அந்தக் கேள்வி இப்பதான் கூர்மையா வந்து நிக்குது, காசுல படம் பொங்கி வழியறதும் இப்பதான்.

டாலமி முந்திக்கிட்டாரு. அலெக்ஸாண்டரோட உடலை ஊர்வலமா எடுத்துட்டுப் போகும்போது வழியில மடக்கி எகிப்துக்குக் கொண்டு போனவர் இவரு. கொஞ்ச வருஷத்துல அவரோட காசுல ஹெராக்ளீஸ் போய் அலெக்ஸாண்டரே வர்றாரு, சிங்கத்தோலுக்குப் பதிலா யானைத்தலைத் தோல்! தும்பிக்கை மேல வளைஞ்சு நிக்கும், தந்தம் முன்னாடி நீட்டும், காது பக்கவாட்டுல மடிஞ்சு கிடக்கும். ஹெராக்ளீஸுக்கு சிங்கம்னா அலெக்ஸாண்டருக்கு யானை, ஏன்னா கி.மு. 326-ல ஜீலம் நதிக்கரையில போரஸ் அரசரோட யானைப்படையை எதிர்த்து ஜெயிச்சவர். கூடவே காதோரம் செம்மறிக்கடா கொம்பு.

அந்தக் கொம்பு எங்க இருந்து வந்துச்சுன்னா, எகிப்து பாலைவனத்துல சீவா சோலையில அம்மோன்னு ஒரு சாமிக்குக் கோயில், குறி சொல்ற இடம். அம்மோனுக்கு செம்மறிக்கடா கொம்பு, கிரேக்கர்கள் அவரை ஜீயஸோட சேத்துப் பாத்தாங்க. கி.மு. 331-ல அலெக்ஸாண்டர் அங்க போனப்ப பூசாரி அவரை சாமியோட பிள்ளைன்னு கூப்பிட்டாருன்னு கதை. நம்ம கோயில்ல வேலும் மயிலும் இருந்தா முருகன், பிறைச்சந்திரன் இருந்தா சிவன்னு பெயர்ப்பலகை இல்லாமலே தெரிஞ்சுக்கிறோம்ல, அந்த மாதிரி கடா கொம்புன்னா அம்மோன் பிள்ளை அலெக்ஸாண்டர்னு அன்னிக்கு ஆளுங்களுக்குப் பாத்ததும் புரிஞ்சிருக்கும்.

இப்ப துணிப்பட்டைக்கு வருவோம், இது பேரு டயடெம். வெறும் துணி நாடா, தங்கமும் கிடையாது கல்லும் கிடையாது, பின்னாடி முடிச்சுப் போட்டு ரெண்டு முனையைத் தொங்க விடறது. அலெக்ஸாண்டர் கட்டினதுக்கு அப்புறம் ராஜாங்கிறதுக்கு ஒரே அடையாளம் இதுதான்னு ஆயிடுச்சு. கி.மு. 306-ல சைப்ரஸ் தீவு சலாமிஸ் பக்கத்துல டாலமியோட கடற்படையை ஆன்டிகோனஸோட மகன் டெமட்ரியஸ் நொறுக்கினாரு, அந்த வெற்றியை வச்சு அப்பாவும் மகனும் டயடெம் கட்டிக்கிட்டாங்க. அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல மத்தவங்களும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கட்டிக்கிட்டாங்க. இந்த நாடா பத்தி ஒரு கதையும் உண்டு: அலெக்ஸாண்டர் பாபிலோன் பக்கத்துல படகுல போகும்போது அவரு தலை நாடா காத்துல பறந்து நாணல்ல சிக்கிச்சாம், ஒருத்தர் நீந்திப் போய் எடுத்தாரு, நனையாம இருக்க தன் தலையிலயே கட்டிக்கிட்டு வந்தாராம். அது ஒரு மாலுமின்னு சிலர் சொல்றாங்க, இல்ல செலூகஸ்தான்னு வேற சிலர் சொல்றாங்க. பின்னாடி பெரிய ராஜ்யம் ஆண்டவர் செலூகஸ், அதனால இந்த ரெண்டாவது கதை யாருக்கு லாபம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

டயடெம் கட்டின கையோட டாலமி இன்னொரு படி தாண்டினாரு, தன் சொந்த முகத்தையே காசுல போட்டாரு, உயிரோட இருக்கும்போதே. அழகுபடுத்தாத முகம், முன்னாடி துருத்தின தாடை, வளைஞ்ச மூக்கு, குழி விழுந்த கண்ணு. ஆனா கழுத்துல ஜீயஸோட ஈஜிஸ், அந்தத் தெய்வீக ஆட்டுத்தோல், முடிச்சுப் போட்டிருக்கும். முகம் மனுஷன், போர்வை சாமி. பின்பக்கம் இடி மேல நிக்கிற கழுகு, அதுவும் ஜீயஸ் சின்னம். இந்தக் கழுகு கடைசி ராணி கிளியோபாட்ரா காலம் வரைக்கும் கிட்டத்தட்ட 270 வருஷம் எகிப்து காசை விட்டுப் போகல. பின்னாடி வந்த டாலமிகள் பல பேரு தன் முகத்தைப் போடாம இந்த முதல் டாலமி முகத்தையே போட்டுக்கிட்டு வந்தாங்க, அதுக்குள்ள "நான் அவரோட வம்சம்"ங்கிறதே போதுமான பதிலாயிடுச்சு. எடையையும் 14 கிராம் சொச்சமா குறைச்சாங்க, வெளிநாட்டுக் காசு எகிப்துக்குள்ள புழங்காது, உள்ளே வர்ற வியாபாரி மாத்தித்தான் ஆகணும். அப்ப நாடு முழுக்க ஒரே முகம், ஒரே கழுகு.

செலூகஸ் வழி வேற. சந்திரகுப்த மௌரியரோட ஒப்பந்தம் போட்டு கிழக்கு நிலத்தை விட்டுக்கொடுத்து 500 யானை வாங்கினவர் இவருதான், கி.மு. 301-ல இப்சஸ் போர்ல அந்த யானைங்கதான் ஜெயிக்க வச்சுது. அவரோட வெள்ளிக்காசுல அதீனா தேவி யானை பூட்டின ரதத்துல போறாங்க, அந்த யானைக்கும் கொம்பு வச்சிருப்பாங்க! கொம்புங்கிறது தெய்வ பலம்னு அர்த்தம், குதிரைக்கும் கூட கொம்பு வச்ச காசு இவருகிட்ட உண்டு. சூசாவுல அடிச்ச ஒரு டெட்ராட்ராக்ம் இருக்கு, எனக்கு இந்தக் காலத்துக் காசுல ரொம்பப் பிடிச்சது இதுதான். சிறுத்தைத்தோல் போத்தின ஹெல்மெட், அதுல காளைக் காதும் காளைக் கொம்பும், பின்பக்கம் நைக்கி வெற்றித்தூணுக்கு மாலை போடுது. அந்த முகம் அலெக்ஸாண்டரா, செலூகஸா, டயோனிசஸ் சாமியான்னு இன்னிக்கு வரைக்கும் முடிவாகல. சிறுத்தைத்தோல் இந்தியா வரைக்கும் போனதா கதை உள்ள டயோனிசஸோடது. காளைக் கொம்பு செலூகஸோடது, ஒரு தடவை அலெக்ஸாண்டர் பலி கொடுக்கக் கொண்டு வந்த காளை அத்துக்கிட்டு ஓட செலூகஸ் வெறும் கையால பிடிச்சு நிறுத்தினாராம், அதனாலதான் அவரு சிலைக்குக் கொம்புன்னு பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதறாரு. வேணும்னே மூணு பேரும் ஒண்ணாத் தெரியற மாதிரி செஞ்சிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. தோலும் கொம்பும் முகமும் சேந்து "அலெக்ஸாண்டர் மாதிரி, சாமி மாதிரி, என்னை மாதிரி"ன்னு ஒரே மூச்சுல சொல்லுது.

செலூகஸ் குடும்பக் காசுல அங்கங்க ஒரு குட்டி நங்கூரமும் பாப்பீங்க. அவரு அம்மா கனவுல அப்பல்லோ நங்கூரம் செதுக்கின மோதிரம் கொடுத்தாருன்னும், குழந்தை தொடையில நங்கூர மச்சத்தோட பொறந்துச்சுன்னும் கதை. அவரு பையன் முதலாம் அந்தியோகஸ் காசுல அப்பல்லோ கையில அம்போட உக்காந்திருப்பாரு, அதுக்கப்புறம் பல தலைமுறைக்கு அதுவே குடும்பப் படம் ஆயிடுச்சு. அதாவது அப்பா தேடிப்பிடிச்சு பதில் சொன்னாரு, பிள்ளைக்குப் பதில் கையிலயே இருந்துச்சு.

சலாமிஸ்ல ஜெயிச்ச டெமட்ரியஸோட காசுல நைக்கி கப்பலோட முனையில நின்னு எக்காளம் ஊதுது, உடுப்பு காத்துல பறக்குது, மறு பக்கம் பொசைடன் சூலத்தோட. பின்னாடி தன் முகத்தையே போட்டாரு, டயடெம், கூடவே குட்டியா காளைக் கொம்பு, காளை பொசைடனுக்கு உரியது. கடல்ல ஜெயிச்சவருக்குக் கடல் சாமி கொம்பு. ஆக கொம்பைப் பாத்தா உடனே அலெக்ஸாண்டர்னு முடிவு பண்ணிடாதீங்க, சுருண்டு காதைச் சுத்தினா கடா, அம்மோன், நேரா முடிக்குள்ள இருந்து எட்டிப்பாத்தா காளை. டெமட்ரியஸோட பையன் ஆன்டிகோனஸ் கோனடஸ் கி.மு. 277-ல வடக்கேயிருந்து படையெடுத்து வந்த கால் (Gaul) இனத்து ஆளுங்களைத் தோற்கடிச்சாரு, எதிரி மனசுல திடீர்னு கிலி கிளப்புற பான் சாமிதான் உதவுச்சுன்னு நம்பிக்கை, அவரு காசுல மாசிடோனியக் கேடயத்துக்கு நடுவுல ஆட்டுக்கொம்போட பான் தலை.

லைசிமாக்கஸ் ஏன் தன் முகத்தைப் போடலங்கிறது இப்ப புரியும். திரேஸ் (இன்னிக்கு பல்கேரியா பக்கம்) மாதிரி முரட்டு நிலத்தை ஆண்டவர், சாமி வம்சம் கிடையாது, மத்த எல்லாரும் அலெக்ஸாண்டரோட வாரிசுன்னு உரிமை கொண்டாடும்போது இவரு அலெக்ஸாண்டரையே சாமியாக்கி முன்னாடி நிறுத்திட்டு, அந்தச் சாமியோட வெற்றி என் பேருக்கு வந்துடுச்சுன்னு பின்பக்கம் காட்டறாரு. கி.மு. 281-ல செலூகஸோட நடந்த போர்ல அவரு செத்தாரு, ராஜ்யமே காணாமப் போச்சு, ஆனா காசை பைசாண்டியம் மாதிரி ஊர்கள் அப்புறமும் ரொம்ப காலம் அடிச்சாங்க.

தலையைச் சுத்தி கதிர் இருக்கிற காசும் உண்டு, அது சூரிய தேவன் ஹீலியோஸ் அடையாளம். செலூகஸ் வம்சத்துல ஆறாம் அந்தியோகஸ்னு ஒரு சின்னப் பையன், கி.மு. 145-ல டிரைஃபன்ங்கிற தளபதி அவனை ராஜாவாக்கினாரு. காசுல அந்தப் பிஞ்சு முகத்தைச் சுத்தி சூரியக் கதிர். சில வருஷத்துல பையன் செத்தான், டிரைஃபன்தான் கொன்னாருன்னு சொல்றாங்க, அப்புறம் தானே ராஜான்னு அறிவிச்சுக்கிட்டாரு. அவரு வெள்ளிக்காசை எடுத்துப் பாருங்க, பின்பக்கம் அப்பல்லோ இல்ல, ஜீயஸ் இல்ல, செலூகஸ் குடும்பத்து சாமி யாருமே இல்ல. ஒரு மாசிடோனிய ஹெல்மெட் மட்டும், முன்னாடி பெரிய காட்டாட்டுக் கொம்போட. தன் பேரோட "தானே அதிகாரம் எடுத்தவன்"ங்கிற மாதிரி ஒரு பட்டமும். வம்சம் சொல்ல வழியில்லாதவரு படையைத்தான் காட்ட முடியும், இதை விட வெளிப்படையா ஒரு காசு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ராணிகளைப் பத்தியும் சொல்லணும். எகிப்துல இரண்டாம் அர்சினோயே, இரண்டாம் டாலமியோட அக்காவும் மனைவியும், செத்தப்புறம் தெய்வமாக்கப்பட்டவங்க. அவங்க பேர்ல பத்து டிராக்மா மதிப்புல பெரிய வெள்ளிக்காசு, சுமார் 35 கிராம். தலையில முக்காடு, நெத்தியில பட்டம், காதோரம் உத்துப் பாத்தாத் தெரியற குட்டிக் கடா கொம்பு. அலெக்ஸாண்டருக்குக் கிடைச்ச அதே அம்மோன் கொம்பு ஒரு பெண்ணுக்கும். பின்பக்கம் பழமும் திராட்சைக் கொத்தும் நிரம்பி வழியற இரட்டை வளமைக் கொம்பு. சிசிலித் தீவு சிரக்யூஸ்ல இரண்டாம் ஹையரோனோட ராணி ஃபிலிஸ்டிஸ் காசுல உயிரோட இருக்கும்போதே முக்காடு போட்ட முகமும் "ராணி ஃபிலிஸ்டிஸோடது"ன்னு பேரும் வருது, அந்த முக்காட்டு மடிப்பை வெள்ளியில செதுக்கின கைக்கு எவ்வளவு புகழ் சொன்னாலும் தகும்.

கடைசியா நம்ம பக்கம். இன்னிக்கு ஆப்கானிஸ்தான் இருக்கிற பாக்ட்ரியாவுல கிரேக்க ராஜாக்கள் தனியா ஆண்டாங்க, கி.மு. 3, 2-ம் நூற்றாண்டு, முக ஓவியத்துல இவங்க செதுக்குன மாதிரி யாருமே செதுக்கலைன்னு நான் அடிச்சுச் சொல்வேன். முதலாம் ஆன்டிமாக்கஸ் தட்டையான மாசிடோனியத் தொப்பி போட்டு உதட்டோரம் லேசா சிரிப்போட இருப்பாரு. முதலாம் டெமட்ரியஸ் (இவரு வேற டெமட்ரியஸ்) யானைத்தோல் போட்டாரு, அலெக்ஸாண்டர் மாதிரி நானும் இந்தியா பக்கம் இறங்குறேன்னு. யூக்ரடைடிஸ் ஹெல்மெட்டுல காளைக் காதும் கொம்பும், செலூகஸ் ஞாபகம் வரும். அகதோக்ளிஸ்னு ஒருத்தர் ஒரு படி மேல போய் வரிசையா காசு வெளியிட்டாரு, ஒண்ணுல அலெக்ஸாண்டர் பேரு, ஒண்ணுல டயோடோட்டஸ், ஒண்ணுல யூதிடெமஸ், இவங்க எல்லாரும் எனக்கு முந்தின ராஜாக்கள்னு. இதே அகதோக்ளிஸ் அடிச்ச வெள்ளி டிராக்மாக்கள் ஆறு ஆப்கானிஸ்தான்ல ஐ-கானும்ங்கிற பழைய நகரத்தைத் தோண்டும்போது 1970-ல கிடைச்சுது, ஒரு பக்கம் சக்கரத்தோட வாசுதேவ கிருஷ்ணர், மறு பக்கம் கலப்பையோட பலராமர், எழுத்து ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் பிராமி. டார்சஸ் ஊரு சாமி பாலை (Baal) ஜீயஸா காட்டின அலெக்ஸாண்டரோட அதே யோசனை, 150 வருஷம் கழிச்சு. பௌத்த நூல்ல மிலிந்தன்னு வர்ற மெனாண்டரோட வெள்ளிக்காசுலயும் ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் கரோஷ்டி எழுத்துல "மகாராஜா"ன்னு இருக்கும்.

ரோமர்கள் இந்த வழக்கத்தைத் தொட ரொம்ப நாள் தயங்கினாங்க, ராஜான்னாலே அவங்களுக்கு ஆகாது. கி.மு. 44-ல ஜூலியஸ் சீசர் முகம் உயிரோட இருக்கும்போதே ரோம் காசுல வந்துச்சு, அதே வருஷம் அவரைக் கொன்னுட்டாங்க, ஆனா முகம் போடற பழக்கம் நின்னுடல, பேரரசர்கள் எல்லாரும் போட்டாங்க. அந்த ரோம் வெள்ளிக்காசு மிளகு வாங்க நம்ம கரைக்கு வந்துச்சு, கரூர் பக்கம் நிறைய கிடைச்சிருக்கு, அதே கரூர்ல சேரர் வெள்ளிக்காசும் கிடைச்சிருக்கு, ஒரு ராஜா தலை, மேல தமிழ் பிராமியில "மாக்கோதை"ன்னு பேரு. ரோம் காசைப் பாத்து வந்த பழக்கம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, ரோம் அதை எடுத்தது கிரேக்க ராஜாக்கள்கிட்ட இருந்து.

காசு வாங்கணும்னு அவசரப்படாதீங்க, போலி ஏகப்பட்டது, அலெக்ஸாண்டர் டெட்ராட்ராக்ம் போலிதான் அதுல அதிகம் பாப்பீங்க. முதல்ல படமா பாத்துப் பழகுங்க. அமெரிக்க நாணயவியல் கழகம் அலெக்ஸாண்டர் காசுக்குப் பெல்லான்னும், செலூகஸ் குடும்பத்துக்கும் டாலமிகளுக்கும் தனித்தனியாவும் ஆன்லைன் தொகுப்பு இலவசமா வச்சிருக்காங்க, பெரிய பெரிய போட்டோ, எந்த ஊர் நாணயச்சாலைன்னு கூட இருக்கும். ஒரு காசைத் திறந்தா முதல்ல பேரைப் படிக்காதீங்க. தலையில என்ன இருக்குன்னு பாருங்க, தோலா, கொம்பா, நாடாவா, கதிரா. அப்புறம் கழுத்து, அங்கதான் சிங்கக் காலோ ஈஜிஸோ முடிச்சுப் போட்டிருக்கும். அப்புறம் திருப்பி எந்தச் சாமி, கையில என்ன. இது ஒவ்வொண்ணையும் யாருக்கு எதைச் சொல்லப் போட்டாருன்னு நீங்களே ஊகிச்சுட்டு, கடைசியா பேரைப் பாருங்க.